கொம்பைப் பாருங்கள், காலைப் பாருங்கள்

போன இதழில் பழனி மலைச் சோலைக்காட்டுச் சருகுக்குள் வாழும் பொடி வண்டுகளைப் பற்றி எழுதியிருந்தேன். பள்ளத்தூர் முகவரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. முப்பத்தோரு வருஷம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள் நான். வகுப்பில் யாரும் கேட்காத கேள்வியெல்லாம் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். மூன்று பேர் தீப்பெட்டியில் வண்டையே வைத்து அனுப்பிவிட்டார்கள். அதில் இரண்டு, தபாலில் நசுங்கித் தூளாகிப் போயின. எப்படி வைத்து அனுப்புவது என்று கடைசியில் சொல்கிறேன். கடிதங்களில் பாதி மலை வண்டைப் பற்றி, பாதி வீட்டு வண்டைப் பற்றி. இரண்டையும் கலந்தே எடுத்துக்கொள்கிறேன். பார்க்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

கேள்வி: ஆச்சிக்கு வணக்கம். நான் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். தீபாவளி லீவில் தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் பெரியப்பாவின் காபித் தோட்டத்துக்குப் போனபோது மரத்தடிச் சருகை ஒரு பை அள்ளி வந்து மாவுச் சல்லடையில் சலித்தேன். 43 வண்டு கிடைத்தது. எல்லாம் 3 மில்லிமீட்டருக்குள், எல்லாம் கறுப்பு அல்லது பழுப்பு. செல்போன் செயலியில் படம் எடுத்துப் போட்டால் ஒரே வண்டுக்கு மூன்று தடவை மூன்று பெயர் சொல்கிறது. எப்படிப் பிரிப்பது, எப்படிப் பெயர் கண்டுபிடிப்பது? (ஒரு மாணவி, காரைக்குடி)

பதில்: ஆத்தா, பெயர் கேட்பதற்கு முன்னால் நான் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்தச் சருகை எந்த மரத்தடியில் அள்ளினாய், எத்தனை மீட்டர் உயரத்தில், எந்தத் தேதியில்? கடிதத்தில் "தாண்டிக்குடிப் பக்கம், தீபாவளி லீவில்" என்று மட்டும்தான் இருக்கிறது. மறப்பதற்குள் இன்றைக்கே உட்கார்ந்து எழுதிவிடு. பெரியப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டாவது எழுது. பென்சிலால் எழுது.

பென்சில் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1987 டிசம்பரில் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் போயிருந்தேன். வனத்துறையில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கி, மூன்று வேறு உயரத்தில் சருகு எடுத்தோம். மூன்று குப்பி, ஒவ்வொன்றிலும் ஆல்கஹால், உள்ளே ஒரு சீட்டு. சீட்டை நான்தான் எழுதினேன், பால்பாயிண்ட் பேனாவால். ஊருக்கு வந்து திறந்து பார்த்தால் மை முழுக்கக் கரைந்து தாள் வெள்ளையாக மிதக்கிறது. உள்ளே 112 வண்டுகள். எது எந்த உயரத்தில் கிடைத்தது என்று இன்று வரைக்கும் தெரியாது. அந்தக் குப்பிகள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. ஆல்கஹாலில் போடும் சீட்டுக்குப் பென்சில், இல்லையென்றால் இந்தியன் இங்க். வேறு எதுவும் வேண்டாம்.

இடத்துக்கும் உயரத்துக்கும் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பாய். சருகு வண்டுகளில் நிறைய வகைக்குப் பறக்கத் தெரியாது. சிறகு ஓட்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் மடித்து வைத்த மெல்லிய சிறகே இருக்காது, அல்லது சின்னக் காம்பு போல மிச்சம் இருக்கும். குளிர்ந்த, ஈரமான மலையுச்சியில் தலைமுறை தலைமுறையாக ஒரே சோலைக்குள் இருந்துவிட்ட வண்டுகள் அவை. நீலகிரிக்கும் ஆனைமலை, பழனி மலைத் தொகுதிக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குக் கிடக்கிறது. கடுகளவு உடம்போடு, ஈரச் சருகை விட்டால் காய்ந்து செத்துப்போகும் ஒரு பிராணி அந்த வெயில் சமவெளியை நடந்து கடக்க முடியுமா? முடியாது. அதனால் நீலகிரியில் ஒன்று, பழனி மலையில் அதே போல இன்னொன்று, வெறும் கண்ணுக்கு அச்சு அசலாக ஒன்றாக இருக்கும். உள்ளே பார்த்தால் இரண்டும் வேறு சிற்றினம். ஒரே மலையிலும் அப்படித்தான். தாண்டிக்குடிக் காபித் தோட்டத்து வண்டும் 2,000 மீட்டருக்கு மேலே கொடைக்கானல் சோலையில் கிடைக்கும் வண்டும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊரும் உயரமும் தெரியாவிட்டால் பாதி அடையாளம் போய்விட்டது.

சரி, இப்போது பிரிக்கலாம். செயலியை ஓரமாக வைத்துவிடு. மேலிருந்து எடுத்த படத்தில் அதற்குத் தெரிவது நிறமும் உருவமும்தான். இந்த அளவு வண்டுகளில் ஏமாற்றுவது அந்த இரண்டும்தான். கல்லூரி ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பைக் கேட்டு வாங்கு. வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் ஆல்கஹால் ஊற்றி 43-ஐயும் கொட்டி, பெயரே யோசிக்காமல், ஒன்று போல இருப்பதை ஒன்றாக ஒதுக்கு. நாம் அரிசியில் கல் பொறுக்குவது போலத்தான். முக்கால் மணி நேரத்தில் ஏழெட்டுக் குவியல் வந்துவிடும்.

முதலில் முதுகைப் பார். வண்டு என்றால் முன்சிறகு இரண்டும் கெட்டியான ஓடாகி, நடு முதுகில் நேர்க்கோடாகச் சேர வேண்டும். கோலியாப்டெரா என்ற வரிசைப் பெயருக்கே உறை போட்ட சிறகு என்றுதான் பொருள். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வரும் பெயர் அது. சிறகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முதுகில் பெருக்கல் குறி போலத் தெரிந்தால் அது நாவாய்ப்பூச்சி. அதைத் தனியாக எடுத்து வை.

ஓடு பாதி முதுகோடு நின்று, பின்னால் வயிறு வளையம் வளையமாக வெளியே தெரிகிறதா? அப்படியென்றால் குட்டைச் சிறகு வண்டுக் குடும்பம், ஸ்டாஃபிலினிடே. உன் குவியலில் பாதிக்கு மேல் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உலகத்தில் 60,000-க்கும் மேல் சிற்றினம் இந்த ஒரு குடும்பத்தில் மட்டும். இதிலேயே செலாஃபினே என்று ஒரு பிரிவு. எனக்கு உயிர் அதன்மேல். 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. செம்பழுப்பு நிறம், எறும்பு மாதிரி ஒடுங்கிய முன்பக்கம், பானை போல உப்பிய வயிறு. உணர்கொம்பின் நுனிக் கணுக்கள் பெருத்து உலக்கைப் பூண் போல இருக்கும். லென்ஸுக்கு அடியில் முதல் தடவை அதைப் பார்த்த அன்று நான் சாப்பிட மறந்து உட்கார்ந்திருந்தேன். சில வகைகள் எறும்புப் புற்றுக்குள்ளேயே குடியிருப்பவை.

ஓடு வயிற்றை முழுக்க மூடியிருந்தால் அடுத்து உணர்கொம்பு. நூல் போல ஒரே சீராக நீண்டு, தாடை முன்னால் துருத்தி, கால் நீளமாக இருந்தால் தரை வண்டு. தலை நீண்டு மூக்காகி, கொம்பு முழங்கை மாதிரி மடங்கியிருந்தால் கூன்வண்டு. நுனி மட்டும் திடீரென்று குண்டாகிறதா, படிப்படியாகப் பெருக்கிறதா, ரம்பம் போலப் பல் பல்லாக இருக்கிறதா என்பதை வாயால் சொல்லிப் பழகாதே, நோட்டில் வரை. வரையும்போதுதான் எத்தனை கணு என்று எண்ணுவோம்.

அப்புறம் கால். பாதத்தில் எத்தனை கணு? முன்கால், நடுக்கால், பின்கால் மூன்றுக்கும் எண்ணி 5-5-5, 5-5-4 என்று எழுது. தரை வண்டுக்கு 5-5-5. நம் ரவை டப்பாவில் வரும் செம்பழுப்பு மாவு வண்டின் குடும்பத்துக்கு 5-5-4, பின்காலில் ஒன்று குறையும். கூன்வண்டிலும் இலை வண்டிலும் நாலு தெரியும், ஆனால் ஐந்து இருக்கிறது. நாலாவது கணு பொடியாக, மூன்றாவதன் இரண்டு மடலுக்கு நடுவே ஒளிந்திருக்கும். இங்கேதான் என் மாணவிகள் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். காலைப் பக்கவாட்டில் திருப்பி, வெளிச்சத்தைப் பின்னாலிருந்து விட்டுப் பார்.

இவ்வளவு செய்தால் குடும்பம் வந்துவிடும். அங்கே நிறுத்து. வருத்தப்படாதே, சிற்றினப் பெயர் உன்னால் இப்போது முடியாது. சருகு வண்டுகளில் பெரும்பாலும் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்துப் பார்த்தால்தான் சிற்றினம் தெரியும். முதலில் பெயர் வைத்தவர் பாதுகாத்து வைத்த மூல மாதிரியோடு ஒப்பிடவும் வேண்டியிருக்கும். பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் நூல் வரிசையில் குட்டைச் சிறகு வண்டுகளுக்கு மால்கம் கேமரூன் 1930 முதல் 1939 வரை எழுதிய தொகுதிகளும், தரை வண்டுகளுக்கு ஆண்ட்ரூஸ் 1929-லும் 1935-லும் எழுதியவையும், கூன்வண்டுக்கு மார்ஷல் 1916-ல் எழுதியதும் இன்றைக்கும் மேஜைமேல் இருக்க வேண்டியவை. அதற்குப் பிறகு எத்தனையோ மாறிவிட்டது, ஆனாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன், உனக்கு உற்சாகம் வரும். 1972-ல் ஜெனீவா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து ஒரு குழு வந்து பழனி மலை உட்படத் தென்னிந்திய மலைகளில் சருகு சலித்து எடுத்துப் போனது. அந்த வண்டுகளிலிருந்து பல பத்தாண்டுகள் கழித்தும் புதுச் சிற்றினங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. அது எப்படி முடிந்தது? ஒவ்வொரு வண்டோடும் ஊர், உயரம், தேதி எழுதிய சீட்டு இருந்தது. எடுத்தவரைக் கேட்காமலே அடுத்த தலைமுறை வேலை செய்ய முடிந்தது.

சல்லடை போதாது. நீ சலித்ததில் பொடியானது எல்லாம் தப்பித்திருக்கும். ஒரு பெரிய தகரப் புனல் வாங்கு. அதன் வாயில் கம்பி வலையைப் போட்டு, மேலே சருகைப் பரப்பு. அதற்கு ஒரு சாண் மேலே 40 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடு. கீழே ஆல்கஹால் குப்பி. இத்தாலியைச் சேர்ந்த பெர்லீஸ் 1905-ல் செய்த புனல், பல்பு வைத்தது அப்புறம் சுவீடன் நாட்டு டல்கிரன். மேலிருந்து சருகு காயக் காய, உள்ளே இருப்பவை ஈரத்தைத் தேடிக் கீழே கீழே இறங்கி, கடைசியில் குப்பிக்குள் விழும். மூன்று நாள் விடு. எங்கள் வளவில் தூணோரமாக இதை மாட்டி வைத்திருந்தபோது எங்கள் அப்பத்தா, என்னமோ பூசை செய்கிறாள் என்று விளக்கேற்றும் நேரத்தில் அதற்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள்.

பெரியப்பா தோட்டத்தில் அவர் அனுமதி போதும். ஆனால் காப்புக்காட்டிலோ, 2013-ல் அறிவித்த கொடைக்கானல் சரணாலயத்திலோ ஒரு கைப்பிடிச் சருகு எடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். நல்லதற்குத்தானே எடுக்கிறோம் என்று நினைத்து எடுத்துவிடாதே.

மலை வண்டைத் தொடுவதற்கு முன் வீட்டு வண்டில் கை பழகு. அடுத்த கடிதத்தையும் படி, உனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

கேள்வி: மல்லி, வத்தல், விரலி மஞ்சள் மூன்றிலும் பழுப்பாகச் சின்ன வண்டு வருகிறது. போன வருஷம் வாங்கியது முழுக்க வீணாகிவிட்டது. இது என்ன வண்டு, எப்படி நிறுத்துவது? (ஒரு இல்லத்தரசி, கோட்டையூர்)

பதில்: தீப்பெட்டியில் முழுசாக வந்து சேர்ந்தது நீங்கள் அனுப்பியதுதான் ஆச்சி. ரொம்ப நன்றி. ஆறு வண்டு இருந்தது. ஒரு வண்டு என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உள்ளே இருந்தவை இரண்டு வகை.

இரண்டுமே 2, 3 மில்லிமீட்டர், செம்பழுப்பு, முட்டை வடிவம், தலையைக் கவிழ்த்துக் கழுத்துக் கவசத்துக்குள் செருகிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் தலையே இல்லாதது போல இருக்கும். தொட்டால் காலை மடக்கிச் செத்தது போலக் கிடக்கும். இரண்டும் ஒரே குடும்பம். லென்ஸை வைத்ததும் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. நாலு வண்டின் முதுகு ஓட்டில் நெடுக வரி வரியாகப் பள்ளம் ஓடுகிறது, வாரிய கோரைப்பாய் மாதிரி. உணர்கொம்பின் கடைசி மூன்று கணு மட்டும் பெருத்து நீண்டிருக்கின்றன. இது ஸ்டெகோபியம் பானிசியம். மருந்துக்கடை வண்டு என்பார்கள், 1758-லேயே லின்னேயஸ் பெயர் வைத்தது. மற்ற இரண்டின் முதுகில் வரி இல்லை, மெல்லிய ரோமத்தோடு வழவழவென்று இருக்கிறது. கொம்பு முழுக்க ரம்பப் பல். இது லேசியோடெர்மா செரிகார்னே, புகையிலை வண்டு. செரிகார்னே என்றாலே ரம்பக் கொம்பு என்று அர்த்தம். பெயர் வைத்தவர் நிறத்தைப் பார்க்கவில்லை, கொம்பைப் பார்த்திருக்கிறார். காரைக்குடி மாணவியே, கவனி.

நிறுத்துவதற்கு வழி இரண்டுக்கும் ஒன்றுதான். வெளியே தெரியும் வண்டைப் பொறுக்கிப் பயனில்லை, புழு மல்லிக்குள்ளேயும் மஞ்சளுக்குள்ளேயும் இருக்கிறது. சித்திரை வைகாசி வெயிலில், சூடேறிய தரையில் மெல்லிசாகப் பரப்பி, நடுவில் ஒரு தடவை கிளறிவிட்டு முழுப் பகலும் காய விடுங்கள். பொருளின் சூடு 50 டிகிரியைத் தாண்டி நின்றால் புழு, முட்டை எல்லாம் போய்விடும். அரைத்த பொடியை வெயிலில் வைக்க மனசில்லையென்றால் பாக்கெட் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பா. பழைய டப்பாவைக் கழுவிக் காய வைத்து, மூடியின் திருகுக்குள் ஒட்டியிருக்கும் தூளையும் துடைத்து எடுங்கள். அந்தத் தூளில்தான் அடுத்த வருஷத்து வண்டு இருக்கிறது. பழைய மல்லியோடு புது மல்லியைக் கலக்கவே கூடாது.

கேள்வி: பொறிவண்டு விவசாயிக்கு நண்பன் என்று படித்திருக்கிறேன். எங்கள் மாடித் தோட்டத்தில் கத்தரி இலையைப் பொறிவண்டுதான் தின்கிறது. கொல்லலாமா? (ஒரு வாசகர், தேவகோட்டை)

பதில்: நீங்கள் படித்ததும் சரி, பார்த்ததும் சரி. பொறிவண்டுக் குடும்பத்தில் பெரும்பாலானவை அசுவினியையும் மாவுப்பூச்சியையும் தின்று நமக்கு உதவுகின்றன. இலை தின்னும் கிளை ஒன்றும் அதில் உண்டு. உங்கள் செடியில் இருப்பது ஹட்டா வண்டு. இதன் அறிவியல் பெயரில் 28 புள்ளி என்ற எண்ணே இருக்கிறது. ஆனால் புள்ளியை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், வண்டுக்கு வண்டு அது மாறும்.

பளபளப்பைப் பாருங்கள். அசுவினி தின்னும் பொறிவண்டு எண்ணெய் தடவிய மணி மாதிரி மின்னும். ஹட்டா வண்டு மங்கலாக இருக்கும், லென்ஸில் பார்த்தால் முதுகெங்கும் பொடி ரோமம். இலையின் அடியைத் திருப்புங்கள். மஞ்சள் முட்டைகள் நெருக்கமாக நட்டுவைத்தது போல நின்றிருக்கும். மஞ்சள் புழுவின் உடம்பெல்லாம் கிளைவிட்ட முள். அது பச்சையைச் சுரண்டித் தின்றுவிட்டு நரம்பை விட்டுவைக்கும், இலை சல்லடைத் துணி போலாகிவிடும். மாடித் தோட்டத்துக்கு மருந்து எதற்கு? காலையில் முட்டை இருக்கும் இலையைக் கிள்ளி, வண்டையும் புழுவையும் சோப்புத் தண்ணீரில் தட்டிவிடுங்கள். பக்கத்து வெண்டைச் செடியில் மின்னுகிற பொறிவண்டு இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: மின்மினி வண்டா, பூச்சியா? கரப்பானும் வண்டா? (ஏழாம் வகுப்பு மாணவன், சிங்கம்புணரி)

பதில்: தம்பி, வண்டும் பூச்சிதான். பூச்சிகளில் ஒரு வரிசை வண்டு. மின்மினி அசல் வண்டு. கரப்பான் வண்டு இல்லை, அது கரையானுக்குச் சொந்தம். பிரான்மலை உனக்குப் பக்கம்தானே, மழைக்குப் பிறகு இருட்டும் நேரத்தில் அப்பாவோடு போய் அடிவாரத்தில் நின்று பார்.

கேள்வி: எங்கள் வீடு கட்டி நூறு வருஷத்துக்கு மேலாகிறது. பர்மாத் தேக்குத் தூண்கள். இப்போது முகப்பில் ஓரிடத்தில் தினமும் தூள் கொட்டுகிறது. தூணை வண்டு அரிக்கிறதா? பயமாக இருக்கிறது. (ஒரு பெரியவர், கானாடுகாத்தான்)

பதில்: பயப்படாதீர்கள் ஐயா, முதலில் அந்தத் தூளை ஒரு கறுப்புத் தாளில் தட்டி, விரலால் தேய்த்துப் பாருங்கள். முகப் பவுடர் போல நைசாக இருந்தால் அது லிக்டஸ் இனத்து மரத்தூள் வண்டு. கசகசா போலத் தனித்தனி மணியாக உருண்டால் அது வண்டே இல்லை, உலர்மரக் கரையானின் எச்சம். லென்ஸில் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பட்டை தெரியும். மண் பூச்சு ஏறியிருந்தால் நமக்குத் தெரிந்த சாதாரணக் கரையான்.

நைஸ் தூளாக இருந்தாலும் தூண்தான் போகிறது என்று முடிவு கட்ட வேண்டாம். மரத்தூள் வண்டுக்கு மாவுச்சத்து வேண்டும். அது வெளிப்பக்க வெள்ளைக் கட்டையில் மட்டும் இருக்கும். உங்கள் தூண் முற்றிய தேக்கின் வைரக் கட்டை, நூறு வருஷம் காய்ந்தது. அதை இந்த வண்டு தொடாது. அண்மையில் ரிப்பேருக்காக ஏதாவது புது மரம், சட்டம், ரீப்பர், மூங்கில் தட்டி வைத்தீர்களா? அங்கே 1, 2 மில்லிமீட்டரில் வட்டமான துளை இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். தூணடியில் தூள் கொட்டிக் கிடந்தது, கொட்டியது மேலே புதிதாக அடித்த மா மரச் சட்டத்திலிருந்து. சட்டத்தைக் கழற்றினோம், நின்றுவிட்டது. துளைக்குப் பக்கத்தில் செத்த வண்டு கிடந்தால் அனுப்புங்கள்: தட்டையான, நீளமான, பழுப்பு வண்டு, கொம்பு நுனியில் இரண்டு கணு மட்டும் பெருத்திருக்கும். கசகசா மணியாக இருந்தால் மட்டும் தாமதிக்காமல் மரம் தெரிந்த ஆசாரியைக் கூப்பிட்டுத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மழைக் காலத்தில் எங்கள் விடுதியில் டியூப்லைட்டைச் சுற்றி எறும்பு போல ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு பூச்சி வருகிறது. கழுத்தில் தட்டியவர்களுக்கு மறுநாள் சூடு போட்டது போலக் கோடாகக் கொப்புளம் வருகிறது. கடிக்கிறதா? (விடுதி மாணவர்கள், காரைக்குடி)

பதில்: கடிக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. அது பெடரஸ் என்ற வண்டு, மேலே மாணவிக்குச் சொன்ன குட்டைச் சிறகுக் குடும்பம். அதன் ரத்தத்தில் பெடரின் என்ற நச்சு இருக்கிறது. நசுக்கினால்தான் தோலில் படும், ஒரு நாள் கழித்துக் கொப்புளம் எழும். உடம்பில் உட்கார்ந்தால் அடிக்காதீர்கள், ஊதித் தள்ளுங்கள். தவறி நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையைக் கண்ணில் வைக்காதீர்கள். கண் பக்கம் பட்டிருந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள். படுக்கும் முன் தலையணையை உதறுங்கள். ஜன்னல் பக்க விளக்கைச் சீக்கிரம் அணையுங்கள். அதே வண்டு நெல் வயலில் பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தின்கிறது. அதனால் விடுதியைச் சுற்றி மருந்தடிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், ஜன்னலுக்கு வலை கேளுங்கள்.

கேள்வி: என் ஒன்பது வயது மகள் பொன்வண்டைத் தீப்பெட்டியில் கொடுக்காப்புளி இலையோடு வைத்துக்கொண்டு தூங்குகிறாள். பாவம் என்று அவள் ஆயா திட்டுகிறார்கள். விடச் சொல்வதா? அவளுக்கு ஒரு லென்ஸ் வாங்கித் தரலாமா? (ஒரு தகப்பனார், புதுவயல்)

பதில்: லென்ஸ் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். 10 மடங்கு பெருக்கும் மடக்கு லென்ஸ் போதும், நம் ஊர் நகைப் பட்டறையில் வைரம் பார்ப்பார்களே, அதே லென்ஸ். பிடிக்கும் விதத்தையும் பட்டறையில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். லென்ஸ் கண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும், பொருள்தான் லென்ஸை நோக்கி வர வேண்டும். குழந்தைகள் லென்ஸை வண்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து பார்ப்பார்கள், ஒன்றும் தெரியாது.

பொன்வண்டை ஒரு பகல் வைத்துக்கொள்ளட்டும். வளர்ந்த வண்டுக்கு ஆயுசே சில வாரம்தான், அதில் ஒரு நாளுக்கு மேல் நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். சாயந்தரம் எந்த மரத்தில் பிடித்தாளோ அதே மரத்தில் விடச் சொல்லுங்கள். அவள் ஆயாவுக்கும் மனசு ஆறும். விடுவதற்கு முன் முதுகை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சை நீலமாகும், நீலம் செம்பாகும். அது சாயம் இல்லை. ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடுக்குகள் இருக்கின்றன, ஒளி அவற்றில் பட்டுத் திரும்பும்போது வரும் நிறம். அதனால்தான் வண்டு செத்தாலும் நிறம் போவதில்லை. அந்த ஓட்டை ஜரிகை போலத் துணியில் வைத்துத் தைக்கும் வழக்கமும் நம் நாட்டில் இருந்தது.

செத்த வண்டு கிடைத்தால் எனக்கு அனுப்பலாம். தீப்பெட்டி வேண்டாம். காலியான மாத்திரைக் குப்பியில் மெல்லிய டிஷ்யூ தாளைக் கசக்கிப் போட்டு, வண்டை நடுவில் வைத்து, மேலேயும் தாளால் மூடுங்கள். பஞ்சு வைத்தால் நூலில் கால் சிக்கி ஒடிந்துவிடும். உயிரோடு அனுப்பாதீர்கள், ஆல்கஹாலையும் தபாலில் அனுப்பாதீர்கள். குப்பிக்குள்ளேயே பென்சிலால் எழுதிய சீட்டு: ஊர், எந்த இடம், தேதி, எந்தச் செடி அல்லது எந்த டப்பா, மலையில் என்றால் உயரம், எடுத்தவர் பெயர். உங்கள் மகளை வண்டின் படம் வரைந்து அதையும் வைக்கச் சொல்லுங்கள், அடிப்பக்கமாகத் திருப்பிப் போட்டு வரையட்டும். ஆறு காலும் எங்கிருந்து கிளம்புகின்றன, பாதத்தில் எத்தனை கணு எண்ணினாள் என்று பார்த்து, அவள் பெயருக்கே பதில் எழுதுகிறேன்.